அலியின் கால்கள் எப்போது போயின?

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் கண்ணுக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொன்ன நாட்களிலேயே செல்போனில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய மணிலா குத்துச்சண்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாயாமே, தங்கச்சி போனில் புலம்பியது. எழுபது தாண்டியும் உனக்குப் புத்தி வரவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஓசூருக்கு மாற்றல். வீடு பார்க்கிற வேலை என் தலையில். மூட்டு வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பாட்டுக்கு இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அலி 1975 வரை உச்சியில்தான் இருந்தார், மணிலாவுக்கு அப்புறம்தான் இறக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கடைசியில், "1980-ல் நேரு ஸ்டேடியத்தில் என் கண்ணால் பார்த்தேன், அப்போதும் அந்தக் கால் ஆடியது" என்று ஒரு வரி வேறு. நீ பார்த்தவன், அப்போது வடக்கே வேலையில் இருந்த நான் பார்க்காதவன். எம்.ஜி.ஆர். வந்திருந்தது, கூட்டம் நெரிந்தது எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் எதிரே நின்றது யார் என்பதை மட்டும் நீ வசதியாக விட்டுவிட்டாய். ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊர்க்காரர், லூயிவில்லில் சின்ன வயதிலிருந்தே பழக்கம், வருஷக்கணக்கில் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டைக் கூட்டாளி. ஒரு கண்ணில் பார்வை கெட்டு 1975-லேயே ஓய்வு பெற்றவர். இரண்டு பழைய சிநேகிதர்கள் ஜனங்களைச் சிரிக்க வைக்க விளையாடிய விளையாட்டு அது. வடசென்னையில் பரம்பரைக்குப் பரம்பரை மோதுகிற குத்துச்சண்டையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. காட்சிச் சண்டைக்கும் நிஜச் சண்டைக்கும் வித்தியாசம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகஸில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸோடு நடந்ததைப் போட்டுப் பார். எடை 217 பவுண்டு சொச்சம். 1974-க்குப் பிறகு அலி அவ்வளவு இளைத்து வளையத்துக்குள் வந்ததே இல்லை. நரைக்குச் சாயம், தட்டையான வயிறு, பார்த்தவர்கள் பழைய அலி திரும்பிவிட்டார் என்றே நினைத்தார்கள். அந்த இளைப்பு பயிற்சியில் மட்டும் வந்ததல்ல, தைராய்டு மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கியதில் வந்தது. பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் டண்டீ நிறுத்திவிட்டார். அதுவரை ஒரு ரவுண்டைக்கூட நடுவர்கள் யாரும் அலிக்குக் கொடுக்கவில்லை. உடம்பைப் பார்த்து உச்சியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

என் கட்சி பழைய கட்சிதான், உனக்குத் தெரியும். உச்சி 1966, 67. முடிந்தது எப்போது என்று தேதி சொல்ல முடியாது, ஏனென்றால் அது முடிந்தபோது அலி வளையத்திலேயே இல்லை. 1967 மார்ச் 22-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோரா ஃபாலியை ஏழாவது ரவுண்டில் சாய்த்தார். அப்போது வயது இருபத்தைந்து, 29 சண்டை, 29 வெற்றி. அடுத்த மாதமே வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க வந்தபோது முடியாது என்றார். பட்டம் போயிற்று, லைசென்ஸ் போயிற்று, ஐந்து வருஷச் சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார், பாஸ்போர்ட்டும் இல்லாததால் வெளிநாட்டிலும் ஆட முடியவில்லை. திரும்பவும் நிஜமாகக் கையுறை மாட்டியது 1970 அக்டோபர் 26, அட்லாண்டாவில், ஜெர்ரி குவாரிக்கு எதிராக. மூன்றரை வருஷம் கழித்து! ஒரு ஹெவிவெயிட்டுக்கு இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வரை என்பது என்ன வயசு, நீயே சொல்.

அவர் எப்படி ஆடினார் என்று யோசித்துப் பார். கை இரண்டும் தொடைப் பக்கம் தொங்கும். குத்து வரும்போது தலையைப் பக்கவாட்டில் ஒதுக்காமல் நேராகப் பின்னுக்குச் சாய்ப்பார். எந்த வாத்தியாராவது இதைச் செய்யச் சொல்வாரா? நம் ஊர் வாத்தியார் என்றால் பிரம்பால் முட்டியிலேயே போட்டிருப்பார். அது தப்பான ஆட்டம்தான். குத்து வந்து சேருவதற்குள் கால் அந்த இடத்தை விட்டுப் போயிருக்கும், அதனால்தான் அந்தத் தப்பு பலித்தது. கால் அரை விநாடி தாமதித்தால் தாடை அங்கேயே நிற்கும்.

ஹூஸ்டனில் 1966 நவம்பரில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்ததைக் காட்டினால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: வில்லியம்ஸ் அப்போது பாதி மனுஷன், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு போலீஸ்காரர் சுட்டு ஒரு சிறுநீரகமே போனவர் என்பாய். வாஸ்தவம். அதனால் அதை விடு. 1967 பிப்ரவரியில் எர்னி டெரலோடு ஆடியதைப் பார். ஆறரை அடி உயரம், நீளமான ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து. பதினைந்து ரவுண்டு முழுக்க அலி அவரைச் சுற்றி வந்தார். கிளே என்ற பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்காக "என் பேர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அடித்த சண்டை, அந்த வன்மம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் பதினைந்தாவது ரவுண்டிலும் குதிகால் தரையைத் தொடவில்லை. 1970-க்குப் பிறகு அப்படி ஒரு பதினைந்து ரவுண்டு காட்டு, என் கட்சியை விட்டுவிடுகிறேன்.

1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் லெஃப்ட் ஹூக்கில், அதாவது இடது கையை வளைத்து விடும் குத்தில், அலியைக் கீழே விழவைக்கவில்லையா, அப்போது கால் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அது ஒரு தடவை பட்ட ஒரு குத்து. அடுத்த ரவுண்டிலேயே சண்டையை முடித்துவிட்டார். 1971 மார்ச் 8-ல் ஃப்ரேசியரின் லெஃப்ட் ஹூக் ராத்திரி முழுக்கப் பட்டது. பதினைந்தாவது ரவுண்டில் விழுந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன்பே, நடு ரவுண்டுகளில், கயிற்றில் சாய்ந்துகொண்டு, "வலிக்கவில்லை" என்று கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறாரே, அதைப் பார். 1966-ன் அலிக்குக் கயிற்றில் சாய வேண்டிய அவசியமே வந்ததில்லை. மூச்சு வாங்குவதற்காகச் சாய்கிறார். நடிப்பு அதை மறைப்பதற்கு.

குவாட்டமாலா, கின்ஷாஸா என்று நீ அடுக்கியதில் முதலாவது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை, ஆபரேஷன் மயக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். கின்ஷாஸாவுக்கு வருவோம். 1974 அக்டோபர் 30. அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 25 வயது, நாற்பது சண்டையில் தோல்வியே இல்லை. அலிக்கு 32. கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொண்டே ஃபோர்மனைக் களைக்க வைத்து எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியது இந்த விளையாட்டில் நடந்த பெரிய அறிவுக் காரியம், இதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த யோசனை ஏன் வந்தது? முதல் ரவுண்டில் அலி நகர்ந்துதான் ஆடினார். ஃபோர்மன் குறுக்கே வந்து வழியடைப்பதில் கெட்டிக்காரர். அவர் ஓரடி வைத்தால் அலி அதற்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் அந்தக் கால் அதைப் பதினைந்து ரவுண்டு தாங்காது என்று முதல் மூன்று நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கால் இருந்திருந்தால் கயிற்றுக்குப் போயிருக்க மாட்டார். நீ உச்சிக்குச் சாட்சியாகக் காட்டுகிற சண்டைதான் என் பக்கத்துச் சாட்சி.

மணிலாவும் அப்படித்தான். ஃப்ரேசியர் யார் அப்போது? 1971-க்குப் பிறகு அவரும் பழைய ஃப்ரேசியர் இல்லை. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் அவரை ஆறு தடவை கீழே போட்டாரே, மறந்துவிட்டதா? இறங்கிவிட்ட இரண்டு பேர் காலை வேளையில், அந்த வெக்கையில், விட்டுக்கொடுக்காமல் அடித்துக்கொண்டார்கள். பதினான்கு ரவுண்டு. ஃப்ரேசியரின் கண் மூடிப்போய், அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று சொல்லி உட்கார வைத்தார். இரண்டு பேருக்கும் நகரக் கால் இருந்திருந்தால் அது அவ்வளவு கொடூரமாகியிருக்காது. அந்தச் சண்டையை நான் ரசிப்பதில்லை என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள்.

கால் போன பிறகு தன்னால் அடி தாங்க முடியும் என்று அலி கண்டுபிடித்ததுதான் வினையே. இருபத்தைந்து வயது வரை அவருக்கே தெரியாத விஷயம் அது, தெரிந்துகொள்ள அந்தக் கால் விட்டதில்லை. அப்புறம் டியர் லேக் முகாமில் பயிற்சியிலேயே கயிற்றில் சாய்ந்து, அடி என்று ஆட்களை விட்டு வயிற்றிலும் தலையிலும் வாங்கிப் பழகினார். அப்படி அடித்துப் பழகிய பையன்களில் லாரி ஹோம்ஸும் ஒருவர்.

76-ல் ஜிம்மி யங்கோடு 230 பவுண்டு தொப்பையோடு வந்ததையும், கென் நார்ட்டனோடு மூன்றாவது சண்டையில் கிடைத்த சர்ச்சைத் தீர்ப்பையும் விட்டுவிடுகிறேன், அங்கே நீயும் என் பக்கம்தான். 77-ல் எர்னி ஷேவர்ஸோடு ஆடியதைப் பற்றி மட்டும் ஒன்று. அந்தச் சண்டைக்குப் பிறகு அலியின் டாக்டர் பச்சேகோ, சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்துங்கள் என்று எழுதிக் கேட்டு, பதில் வராமல் அலியின் குழுவை விட்டே விலகினார். அரிசோனாவில் சில ஆராய்ச்சியாளர்கள் அலியின் பழைய டிவி பேட்டிகளை எடுத்து நொடிக்கு எத்தனை அசை பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1968-ல் நான்குக்குச் சற்று மேல், 1981-ல் மூன்று. ஷேவர்ஸ் சண்டைக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் தெரிகிறதாம். பார்க்கின்சன் என்று டாக்டர்கள் பெயர் வைத்தது 1984-ல்தான். அந்த வாய்க்கு வந்த கதியைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, உன் கணக்கும் என் கணக்கும் எங்கே பிரிகிறது என்று பார்த்தால், நீ ஜெயித்ததை எண்ணுகிறாய், நான் வாங்கியதை எண்ணுகிறேன். ஃப்ரேசியரையும் ஃபோர்மனையும் ஜெயிக்காத உச்சி என்ன உச்சி என்று நீ கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. 1968-ன் அலியும் 1968-ன் ஃப்ரேசியரும் மோதியிருந்தால் என்று சொல்லத்தான் வாய் வருகிறது, அப்படி நடக்காததை வைத்து நீ என்னை மடக்குவாய்.

ஒன்று செய். டெரல் சண்டையின் கடைசி மூன்று ரவுண்டையும், 1970 டிசம்பரில் பொனவேனாவோடு ஆடியதில் கடைசி மூன்று ரவுண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். முகத்தைப் பார்க்காதே, இடுப்புக்குக் கீழே மட்டும் பார். பொனவேனாவைப் பதினைந்தாவதில் நாக்-அவுட் செய்ததைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

தை பிறந்ததும் ஓசூர் வேலை முடிந்து சென்னைக்கு வருவேன். பெரம்பூரில் உன் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்றிருக்கிறேன், தங்கச்சியிடம் சொல்லி வை. மாவடு கேட்டிருந்தது, அது மாசியில்தான் வரும், இப்போது கிடைக்காது. உன் பதிலைக் கடிதமாகவே எழுது. வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் பேசி அனுப்பாதே, எனக்குக் காது கேட்பதில்லை.

அன்புடன்,
பாலு