குளிர் கீழேயிருந்து வரும், தம்பி

டொராண்டோ,
அக்டோபர் 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தை அதில் தொடங்கு. அம்மா அனுப்பிய மிளகும் காப்பித்தூளும் வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரித்தவுடன் இந்தச் சின்னச் சமையலறைக்குள் தாண்டிக்குடியே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் அந்த உறையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

நீயும் உன் நண்பர்கள் இருவரும் நம் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஹேமக் என்ற தொங்கும் துணிப் படுக்கையைக் கட்டி இரவு தங்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மகிழ்ச்சியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதனால்தான் இரவுப் பணி முடிந்து வந்து, தூங்காமல் இதை எழுதுகிறேன்.

இங்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. முதியோர் இல்லத்தில் வேலை, கண்ணியமான சம்பளம், நல்ல மனிதர்கள். ஸ்கார்பரோ பக்கம் போனால் முருங்கைக்காய் கிடைக்கும், தமிழில் பெயர்ப்பலகை பார்க்கலாம். ஆனால் ஊர் தட்டையாகக் கிடக்கிறது தம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு கண்ணில் படாது. காலையில் எழுந்ததும் எதிரே மலை இல்லாதது ஒருவரை இவ்வளவு வருத்தும் என்று புறப்படும்போது எனக்குத் தெரியாது.

என்னோடு பணி செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர்தான் என்னை முதலில் காட்டுக்கு அழைத்துப் போனார். அவர்கள் ஊரில் ஹேமக்குக்கு ‘டுயான்’ என்று பெயராம், குழந்தையையும் அதில்தான் போடுவார்களாம். நம் ஊரில் அதைத் தூளி என்போம் என்றேன். அன்று முதல் எங்களுக்குள் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

போன இடம் அல்கான்குயின் பூங்கா. டொராண்டோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம். 1893இல் அமைத்த பூங்கா. நம் திண்டுக்கல் மாவட்டத்தைவிடப் பெரியது. அது செப்டம்பர் கடைசி. மேப்பிள் மரங்கள் எல்லாம் குங்குமத்தைக் கொட்டியது போல நின்றன. மாலையில் ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்தபோது கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கரையில் நிற்கிறேன் என்றே தோன்றியது. கரைக்கு அப்பால் லூன் என்ற நீர்ப்பறவை நீளமாகக் கூவியது. இந்த நாட்டு ஒரு டாலர் நாணயத்தில் இருக்கும் பறவை அதுதான். கடவுளே, இங்கேயும் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் நினைத்தேன்.

ஆனால் அன்று இரவு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீயும் அதையே செய்வாய். தடித்த தூக்கப் பைக்குள் புகுந்து, கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். இரண்டு மணிக்கு விழித்தபோது நெஞ்சு சூடாக இருந்தது, முதுகு மட்டும் பனிக்கட்டியில் கிடத்தியது போல விறைத்திருந்தது. போர்வை நம்மைச் சூடாக்குவதில்லை. அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. நம் எடையில் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கிவிட்டால் அங்கே காற்று ஏது? போதாக்குறைக்கு, துணிக்கு அடியில் இரவு முழுவதும் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் படுத்தால்கூட இவ்வளவு குளிராது. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே முதுகு அதை உணரத் தொடங்கிவிடும். அந்தப் பிலிப்பைன்ஸ் அம்மா நடு இரவில் எழுந்து, தன் ரப்பர் நுரைப் பாயை என் முதுகுக்கடியில் செருகிய பிறகுதான் தூங்கினேன்.

உன்னைத் தூளியில் போடுவதற்கு முன்னால் பாட்டி பழைய வேட்டியை நான்காக மடித்து உள்ளே விரிப்பாள். நீ ஈரம் செய்வாய் என்பதற்காக விரிக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது குளிருக்காகவும்தான் என்று அந்த ராத்திரியில் புரிந்தது.

இங்கே அனுபவசாலிகள் செய்வது வேறு. ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில், ஒரு மெத்தைப் போர்வையை எலாஸ்டிக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். அது நம் எடையில் நசுங்காது, துணியோடு ஒட்டியும் இருக்கும். இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குளிர் உள்ளே வந்துவிடும். அம்மாவின் பெட்டியில் கிடக்கும் பழைய பஞ்சுப் போர்வையின் இரு முனையிலும் கயிறு ஓடும்படி மடித்துத் தைத்தால் நீயே ஒன்று செய்துவிடலாம். அதற்கு மனம் இல்லையென்றால் ஒரு நுரைப் பாயாவது வாங்கிக்கொள். இந்த ஒன்றில் மட்டும் அக்கா சொல்வதை மீறாதே.

அடுத்து மரம். சில்வர் ஓக் நேராக இருக்கிறதே என்று உடனே கட்டிவிடாதே. நம் ஓக் மரங்களில் பாதிக்கு மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஹேமக்கை மரத்தில் கட்டும் நாடா இறுகினால் கொடி நசுங்கும், அப்பா ஒரு வாரம் உன்னிடம் பேசமாட்டார். கொடி இல்லாத மரமாக, உன் தொடை அளவு பருமனுள்ளதாகப் பார். கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார். ஓக் கிளை காற்றுக்குச் சடாரென்று முறியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலையில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று உனக்கு நினைவிருக்கும். காய்ந்த கிளை ஒன்று தலைக்கு மேலே இருந்தாலும் அந்த மரம் வேண்டாம். கல்யாண முருங்கை மென்மரம், முள் வேறு, அதைத் தொடாதே. பலா உறுதியான மரம்தான், ஆனால் காய்க்கும் காலத்தில் அதனடியில் படுக்கக் கூடாது. காய் விழும் என்பது மட்டுமில்லை, பழ வாசத்துக்கு யானையும் கரடியும் வரும்.

கயிறு போட்டுக் கட்டாதே. மெல்லிய கயிறு பட்டையை அறுத்து உள்ளே பச்சைத் தோலைக் காயப்படுத்தும். லாரியில் சரக்கு இறுக்கக் கட்டும் பாலியெஸ்டர் நாடா, குறைந்தது ஓர் அங்குல அகலம், வத்தலக்குண்டில் கிடைக்கும். இரண்டு அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. நைலான் நாடா நனைந்தால் நீளும். விடியும்போது நீ தரையில் கிடப்பாய்.

இரண்டு மரத்துக்கும் இடையே 13 முதல் 15 அடி இருக்கட்டும். நாடாவைக் கண் உயரத்தில் சுற்று. ஹேமக்கைப் பந்தல் கயிறு போல விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நாடா தரைக்கு 30 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். கையை நீட்டி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் துப்பாக்கி போல விரித்துப் பிடி. இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோட்டின் சாய்வுதான் அது. 70 கிலோ எடையுள்ள நீ அந்தச் சாய்வில் படுத்தால் ஒவ்வொரு நாடாவும் 70 கிலோ அளவுக்கு இழுபடும். அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் இழுவை 200 கிலோவுக்குப் போய்விடும். நாடா அறுவதும் மரம் அசைவதும் அப்போதுதான். தொங்கலாகத் தெரிவதே பாதுகாப்பு. உட்கார்ந்தால் துணி நாற்காலி உயரத்தில், ஒன்றரை அடியில் நிற்க வேண்டும். முதல் முறை மெல்ல எடை வைத்துப் பார்த்துவிட்டு ஏறு.

துணி 11 அடி நீளம், 5 அடி அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் உடம்பு வாழைப்பழம் போல வளைந்துவிடும். நீளவாக்கில் படுக்காமல், தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப் பக்கமும் வைத்துக் குறுக்காகப் படு. துணி தானாகத் தட்டையாகி, பாயில் படுத்தது போல இருக்கும். கால்மாட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் இரவில் வழுக்கி இறங்கமாட்டாய்.

நம் தோட்டம் முழுவதும் சரிவுதானே. கூடாரம் அடிக்கச் சமதரை தேடி அலைய வேண்டாம் என்பதுதான் ஹேமக்கின் பெரிய வசதி. அட்டைக் கடியும் குறைவு. ஆனால் மரங்களைச் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் தேர்ந்தெடு. கல்கட்டு விளிம்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம்.

மழைக்குக் களத்தில் காப்பி உலர்த்தும் தார்ப்பாய் போதும். 10 அடிக்கு 10 அடிப் பாயை மூலைக்கு மூலை பிடித்துக் கட்டினால் நீளம் 14 அடி வரும், ஹேமக் முழுவதும் அடங்கிவிடும். தண்ணீர் நாடா வழியாக வழிந்து படுக்கைக்குள் வரும் என்பதை மறக்காதே. பாயின் மறைவுக்குள் இருக்கும் நாடாவில், ஹேமக்குக்கு ஒரு சாண் முன்னால், ஒரு துணித் துண்டை முடிந்து தொங்கவிடு. வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இப்போது கட்டளை. பட்டா நிலத்தைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். மேலே கொடைக்கானல் பக்கம் 2013 முதல் வன உயிரின சரணாலயம். இங்கே அல்கான்குயினில்கூட முன்பதிவு செய்து, குறித்த இடத்தில்தான் தங்க முடியும். உள்காட்டுக்குத் தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டு போகத் தடை. கரடிக்குப் பயந்து உணவையெல்லாம் படுக்கைக்கு எட்டத்தில், 4 மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம். நீங்கள் சோறும் பழமும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காட்டுமாடு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே கட்டாதே. அந்தத் தடங்கள் அப்பாவுக்குத் தெரியும், அவரை அழைத்துப் போய்க் காட்டச் சொல். வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் அம்மாவும் தூங்குவாள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்; அடைமழை. பிறகு காப்பிப் பழம் எடுக்கும் வேலை வந்துவிடும், அதில் அப்பாவுக்குத் துணையாக இரு. தை கடைசியில் போ. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் குளிர் கடுமையாக இருக்கும், அதனால்தான் போர்வையைப் பற்றி இத்தனை வரி எழுதினேன். பங்குனியில் மழை விழுந்து காப்பி பூத்தால் இன்னொரு இரவு தங்கு. அந்த வாசத்தை எனக்கு எழுத முடியுமா என்று பார்.

களத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பக்கம், மிளகு ஏறாத இரண்டு ஓக் மரங்கள் இருந்தனவே, அவை இன்னும் நிற்கின்றனவா? அவற்றுக்கிடையில் எத்தனை அடி என்று அளந்து எழுது. மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா