ஒரு சாண் தூரத்தில் ஒரு ஃபியூஸ்: கார் விற்பனை நிலைய உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் விற்பனை நிலைய உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காக அக்சஸரீஸ் மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். திருச்சியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துகிறேன். புதுக் கார் டெலிவரி கொடுக்கும் அவசரத்தில் ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபையர், டேஷ்கேம் எல்லாம் எப்படி விற்கப்படுகின்றன, யார் மாட்டுகிறார்கள், எவ்வளவு நேரத்தில் மாட்டி முடிக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு லைனுக்கும், பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரம் போவதற்குள் ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

சென்ற வாரம் என் பட்டறைக்கு ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். முதல் இலவச சர்வீஸ்கூட முடியாத வண்டி. ஓட்டி வந்தவர் ஒரு பெண்மணி. பின்சீட்டில் அவருடைய வயதான தாயாரும் கைக்குழந்தையும் இருந்திருக்கிறார்கள். மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலையைத் தாண்டியதும் டேஷ்போர்டுக்கு அடியில் கருகும் நாற்றம் வந்திருக்கிறது. ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாயாரையும் இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்தால் பேட்டரியிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சிவப்புக் கேபிள் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. டெர்மினலைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். புதுக் காரோடு ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொடுக்கிறீர்கள், அந்த ஸ்பேனர் அதில் இல்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, தன் டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. “சாவியை அணைத்துவிட்டேன் அண்ணே, அதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். அவர் செய்யத் தவறியது எதுவுமில்லை. அந்த லைன் சாவியின் கட்டுப்பாட்டிலேயே இல்லை. அதை அறுக்கக்கூடிய ஒரே பொருள் ஃபியூஸ், அது போடப்படவில்லை.

காரைப் பிரித்துப் பார்த்தேன். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலான தகட்டில் டிரில் போட்டு ஓட்டை எடுத்திருக்கிறார்கள். ஓட்டையின் விளிம்பில் பிசிறுகூடத் தேய்க்கப்படவில்லை. ரப்பர் வளையம் கிடையாது. காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் என்பது உங்கள் ஃபிட்டிங் பையன்களுக்கும் தெரியும். வண்டி அதிர அதிர, அந்தக் கூரான விளிம்பு பாசிட்டிவ் கேபிளின் உறையை அறுத்து உள்ளே இறங்கியிருக்கிறது. கேபிளும் பெயருக்குத்தான் தடிமன். உறையை உரித்தால் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி, அதுவும் பாதி கனத்தில்.

இதைச் சொன்னதும் மாட்டிக் கொடுத்த கடையிலிருந்து வந்த பதில்: “ஆம்ப்ளிஃபையரின் பின்னாலேயே ஃபியூஸ் இருக்கிறதே.” இருக்கிறது. டிக்கியில், கேபிளின் கடைசி முனையில் இருக்கிறது. கேபிள் பாடியைத் தொட்டது நடுவழியில். பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் அந்த ஓட்டையிலேயே பாடிக்குள் இறங்கிவிட்டது, டிக்கி வரை போகவே இல்லை. பின்னால் இருக்கும் ஃபியூஸ் எதைக் கண்டு எரிந்து அறும்? வீட்டில் மெயின் ஃபியூஸை மீட்டருக்குப் பக்கத்தில்தானே வைக்கிறோம், மாடி அறை மின்விசிறிக்குப் பின்னாலா வைக்கிறோம்?

“12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகிறது” என்பது இன்னொரு பதில். ஷாக் அடிக்காது. ஆனால் சிறிய காரின் பேட்டரிகூட ஸ்டார்ட்டர் சுழலும்போது நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளுகிறது. ஒயர் நேராகப் பாடியைத் தொட்டால் அதைவிடப் பல மடங்கு பாயும். அதைத் தாங்க முடியாத ஒயர் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும், பக்கத்தில் இருக்கும் கார்ப்பெட்டும் பஞ்சும் பற்றிக்கொள்ளும்.

ஃபியூஸ் என்றால் கைக்குக் கிடைத்த ஃபியூஸ் அல்ல. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள் அடங்குகிற ஃபியூஸ். இரண்டு 55 வாட் ஃபாக் லேம்புகளுக்கு 110 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும், 15 ஆம்பியர் நீல நிற ஃபியூஸும், ஒரு ரிலேயும் (சிறிய மின்சாரத்தால் பெரிய லைனைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போதும். ரிலேயின் 30ஆம் கால் ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87ஆம் கால் விளக்குக்கு, 85உம் 86உம் ஸ்விட்சுக்கும் எர்த்துக்கும். இது தெரியாதவர்கள் யாரும் உங்களிடம் வேலை பார்க்கவில்லை. தெரிந்தும் ஏன் செய்வதில்லை? 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வந்தவருக்கு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் சொருகி அனுப்பிய வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை ஒயரில் உறையைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கி, டேப்பைச் சுற்றிவிடுகிறீர்கள். திருச்சி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரில் அந்தப் பசை எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? டேஷ்கேம் ஒயரை முன் தூணுக்குள், சுருட்டி வைத்திருக்கும் ஏர்பேகின் குறுக்கே செருகுகிறீர்கள். விரிய வேண்டிய நேரத்தில் அது எப்படி விரியும்?

இனி எனக்கு ஆறாத இடத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்மணிக்கு அக்சஸரீஸை விற்றது விற்பனை நிலையம். பில் அவர்கள் பெயரில். மாட்டியது அவர்கள் வளாகத்தில். ஆனால் வண்டியைக் கொண்டுபோனதும், “வெளியிலிருந்து மாட்டிய சாதனத்தால் வந்த பழுது, வாரண்டி கிடையாது” என்று எழுதிக் கொடுத்தது அதே வளாகத்து சர்வீஸ் பிரிவு. இன்சூரன்ஸைப் போட்டுக் கொடுத்ததும் அவர்களே. தயாரிப்பாளர் விலைக்குள் வராத மின்சாதனங்களைக் குறிப்பிட அந்தப் பாலிசியில் தனிக் கட்டம் இருக்கிறது. அது காலியாக விடப்பட்டிருக்கிறது. கையெழுத்து மட்டும் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். பணம் வாங்கும்போது சொந்த வேலை, எரிந்த பிறகு வெளியாள் வேலை என்பது எந்த ஊர் நியாயம்?

காரை இயற்கை எரிவாயுவில் ஓட்ட சி.என்.ஜி. கிட் மாட்ட வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், அங்கீகாரம் பெற்ற மையம் வேண்டும், ஆர்.சி.யில் பதிவு வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடி லைன் இழுக்க ஒரு டிரில்லும் ஒரு டேப்பும் போதும் என்று நடந்துகொண்டிருக்கிறது. இதற்கும் விதி ஒன்று வரத்தான் வேண்டும். அது வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால்தான் உங்களிடமே நேரடியாகக் கேட்கிறேன்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கட்டிய ஒயரிங்கைப் பார்த்தால் எனக்குத் தொழில் மரியாதைதான் வருகிறது. மற்றவர்களிடம் பணிவோடு வேண்டுவது இதுதான். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம். எந்த லைன் எங்கிருந்து எடுத்தோம், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, மாட்டியவர் பெயரோடு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். ஃபியூஸும் ஹோல்டரும் சேர்த்து, ஃபாக் லேம்புக்கு நூறு ரூபாய் ஆகாது. ஆம்ப்ளிஃபையருக்குக் கொஞ்சம் கூடும். வாடிக்கையாளரிடமே அதைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

உங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கருகிய கேபிளை எடுத்து வைத்திருக்கிறேன். ரிலே கட்டவும், கேபிள் முனையில் லக் அழுத்தவும், ஒயருக்கு ஏற்ற ஃபியூஸ் கணக்குப் போடவும் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திருச்சிராப்பள்ளி