கரையில் 50, கம்பெனியில் 55

இறால் வாங்கும் ஏற்றுமதி கம்பெனிக்காரர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் குட்டையில் வெனாமி இறால் வளர்க்கிறவன் எழுதுகிறேன். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற கவுண்ட் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கிலோவுக்கு 100 நின்றால் ஒரு இறால் 10 கிராம், 50 நின்றால் 20 கிராம். எண் குறைந்தால் விலை கூடும். அதை எங்கே, யார் முன்னால் எண்ணுவது என்பதில்தான் தகராறு.

போன வாரம் பிடிப்பு. விடியற்காலை நாலு மணிக்குக் குட்டைக் கரையில் டார்ச் வெளிச்சத்தில், உங்கள் ஆளை வைத்துக்கொண்டே மூன்று கூடையிலிருந்து ஒவ்வொரு கிலோ எடுத்து எண்ணினோம். 50, 51, 50. அவரும் சரி என்றார், 50 என்று பேசி முடித்து ஐஸ் போட்டு வண்டி ஏற்றினோம். மத்தியானம் போன்: "அண்ணே, கம்பெனியில 55 நிக்குது." 90 நாள் தீனி தின்று வளர்ந்த இறால், எட்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில் கிடந்து இளைத்துவிட்டதா? கூடின ஒவ்வொரு கவுண்டுக்கும் 4 ரூபாய் வீதம் கிலோவுக்கு 20 ரூபாய் போயிற்று. சரக்கு மூன்று டன். தீவனக் கடையில் நான் சொல்லி வைத்திருந்த 60,000 ரூபாய் அது.

ஒரே நாளில் விட்ட குஞ்சிலும் பெரிசு சிறிசு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பொடியாகப் பார்த்து அள்ளினால் 55 என்ன, 60-கூட நிற்கும். அதனால்தான் கேட்கிறோம்: கரையில் இரண்டு பேரும் பார்க்க எண்ணியதே கடைசிக் கவுண்டாக இருக்கட்டும்.

உங்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் பெட்டியில் பவுண்டுக்கு 16 முதல் 20, 21 முதல் 25 என்று அச்சடித்து, அதன்படி பிரித்துத்தானே அடுக்குகிறீர்கள்? 'வழியில் கவுண்ட் மாறிப்போச்சு' என்று அங்கே வாங்குகிறவரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்.

தீவனம் விலை ஏறினால் அன்றைக்கே எங்கள் தலையில். வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டையே போனாலும் எங்கள் தலையெழுத்து. சரி, அதை விடுங்கள், அது உங்கள் கையில் இல்லை.

கரைக் கவுண்டைச் சீட்டில் எழுதி உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கம்பெனியில் மறுபடி எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால், எங்களில் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்கிறோம், பஸ் செலவு எங்களுடையது. எனக்கு அடுத்த குட்டைப் பிடிப்பு வரும் மாதம். அதற்குள் ஒரு பதில் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு இறால் பண்ணைக்காரன்