கீசரைத் திட்டும் முன் வால்வைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் கொஞ்ச நாளாக இதே பேச்சாக இருக்கிறது. பிளம்பர் வந்து மீட்டர் பக்கத்தில் பித்தளையில் என்னமோ ஒன்றை மாட்டிவிட்டுப் போனார், அன்றிலிருந்து ஷவர் முன்னே மாதிரி அடிப்பதில்லை, காசும் போச்சு தண்ணீரும் போச்சு என்கிறார்கள். சிலர் ஸ்பேனரை எடுத்துத் தாங்களே அதை முறுக்கிப் பார்க்கிறார்கள், ஒருவர் கழற்றியே போட்டுவிட்டாராம். அது தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. குழாய் வேலையிலேயே தலை நரைத்தவன் நான், அதனால் எழுதுகிறேன், இடமிருந்தால் போடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரைச் சேர்ந்த நம் சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். தண்ணீர்த் தொட்டியை மேட்டில்தான் கட்டுவார்கள். தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய 1 பார், அதாவது 100 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடும். 80 மீட்டர் கீழே பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு 800 வந்து நிற்கும். நம் வீட்டுக் கூரைக்குள் உட்கார்ந்திருக்கும் கீசரோ பெரும்பாலும் 400-க்குச் செய்தது, சில 600, மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் போட்டிருப்பான். பகலில் ஊரே குழாயைத் திறந்து வைத்திருப்பதால் வரும் வழியிலேயே கொஞ்சம் அழுத்தம் தேய்ந்துவிடும், ராத்திரி எல்லோரும் தூங்கப் போனதும் முழு அழுத்தமும் வாசலுக்கு வந்துவிடும். கழிப்பறையில் இருக்கும் சின்ன ஹோஸ் நடுச்சாமம் பார்த்து வெடிப்பதற்குக் காரணம் இதுதான், வேறு யாருடைய கண்ணேறும் இல்லை.

இந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் அந்தப் பித்தளை வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு, அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் அடைப்பான், அவ்வளவுதான். ஸ்பிரிங் எப்போதும் வழியைத் திறக்கப் பார்க்கும், வீட்டுப் பக்கம் இருக்கும் தண்ணீர் டயாபிரத்தை மேலே தள்ளி வழியை மூடப் பார்க்கும். நீங்கள் குழாயைத் திறந்ததும் வீட்டுப் பக்கம் அழுத்தம் இறங்குகிறது, ஸ்பிரிங்கின் கை ஓங்குகிறது, தண்ணீர் வருகிறது. குழாயை மூடியதும் அழுத்தம் ஏறி வழி அடைபடுகிறது. தெருவில் 800 இருந்தாலும் 600 இருந்தாலும் வீட்டுக்குள் 400-ஐ ஒட்டியே நிற்கும்.

"இதுக்கு எதுக்கு வால்வு, வாசலில் தண்ணீரை அடைக்கும் ஸ்டாப்காக்கைப் பாதி மூடினால் போதாதா" என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் பாதி மூடிய காக் அழுத்தத்தைக் குறைக்கும், ஓட்டம் நின்றதும் அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே மெல்ல மெல்ல முழு 800-ம் உள்ளே வந்து சேர்ந்துவிடும். குழாயும் கீசரும் அடி வாங்குவது அப்போதுதானே!

சரி, ஷவர் ஏன் மெலிகிறது? தண்ணீர் நின்று திரும்ப வரும்போது மணலும் துருவும் கூடவே வரும், வால்வின் வாயில் இருக்கும் வலையில் அது போய் அடைத்துக்கொள்ளும். வலையைக் கழுவினால் பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, கீசருக்கு மட்டும் வால்வைப் போட்டுவிட்டு பச்சைத் தண்ணீர் லைனை நேராகத் தெருவிலிருந்தே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் இரண்டும் கலந்து வரும் மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீரை அமுக்காமல் என்ன செய்யும்? இரண்டு லைனும் வால்வுக்குப் பின்னாலிருந்து பிரிய வேண்டும்.

கீசரிலிருந்து வெளிச்சுவருக்கு வரும் குழாய் சொட்டுவதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்கினால் இரண்டு லிட்டருக்கு மேல் பெருகும், அது எங்கேயாவது போகத்தானே வேண்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை இல்லை. நாள் முழுக்கச் சொட்டினால் மீட்டர் பக்கத்துப் பித்தளை வால்வு அழுத்தத்தைப் பிடிக்கவில்லை, அல்லது அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் கீசரின் பாதுகாப்பு வால்வே தேய்ந்துபோயிருக்கிறது. எதுவானாலும் அந்தக் குழாயில் மட்டும் தயவுசெய்து மூடியைப் போட்டு அடைக்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போன அன்று கூரைக்குள் ஒரு குண்டு வைத்திருப்பதற்குச் சமம் அது.

நகராட்சி தெருக்குழாயிலேயே பெரிய வால்வைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று பேசுகிறார்களே, அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேப் டவுனில் கயலிட்ஷா குடியிருப்பில் 2001-ல் இதைத்தான் செய்தார்கள். வீட்டுக் கழிப்பறைகளிலும் குழாய்களிலும் ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருந்ததில் மிச்சம் பிடித்தது ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கிலோலிட்டர். ஓட்டையின் அளவு மாறாவிட்டாலும் அழுத்தம் பாதியானால் ஒழுகல் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், பிளாஸ்டிக் குழாயில் விரிசல் என்றால் அழுத்தம் குறையக் குறைய விரிசலும் ஒடுங்கும், இன்னும் லாபம். ஆனால் மேட்டு வீட்டுக்காரருக்கும் பள்ளத்து வீட்டுக்காரருக்கும் ஒரே அளவில் வைத்தால் மேட்டில் இருப்பவர் பக்கெட்டோடு நிற்க வேண்டிவரும், அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உங்கள் வீட்டு வால்வு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஹார்ட்வேர் கடையில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கினால் போதும். வால்வுக்குப் பின்னால் உள்ள தோட்டத்துக் குழாயில் அதைத் திருகி மாட்டுங்கள், கீசரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு மற்றக் குழாய்களை மூடுங்கள், ராத்திரி பார்த்தால் இன்னும் நல்லது. முள் நின்ற இடத்திலேயே நின்றால் வால்வு சரியாக இருக்கிறது. நகர்ந்து நகர்ந்து மேலே ஏறினால் வால்வுக்குள் அடைப்பான் உட்காரும் இடத்தில் மண் அல்லது ரப்பர் தேய்மானம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். மேலே இருக்கும் ஸ்குரூவைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளம்பர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்