ஸ்டண்ட் ஆஸ்கருக்கு விதி எழுதப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் ஆஸ்கர் உண்டு என்று 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள். 2028-இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் சிலையைக் கொடுக்கப் போகிறீர்கள். யாருக்குத் தகுதி, ஓட்டு எப்படி என்ற விதிகள் 2027-இல் வெளிவரும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த விதிகள் அச்சேறுவதற்குள் ஒரு வகைப் படத்துக்காகப் பரிந்து பேசலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒத்தே வராத இரண்டு பேரை ஒரே காரில் ஏற்றிவிட்டு, பின்னால் நாலு பேரைத் துப்பாக்கியோடு துரத்த விடுவார்களே, அந்த ஆக்‌ஷன் காமெடிப் படங்களைத்தான் சொல்கிறேன். துரத்துகிறவர்களை விடக் காருக்குள் நடக்கிற சண்டைதான் பெரிதாக இருக்கும். ஜாக்கி சானைத் தமிழ் டப்பிங்கில் பார்த்து வளர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். சினிமாவில் எனக்கு வேறு பதவி எதுவும் கிடையாது.

உங்கள் பழைய பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் இயக்குநர் விருதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். நாடகப் படத்துக்கு ஒன்று, நகைச்சுவைப் படத்துக்கு ஒன்று. நகைச்சுவைக்கான விருதை வாங்கியவர் லூயிஸ் மைல்ஸ்டோன். படம் 1927-இல் வந்த ‘டூ அரேபியன் நைட்ஸ்’. முதல் உலகப்போரில் ஒரு பணக்கார வீட்டுச் சிப்பாய்க்கும் அவனுடைய முரட்டு சார்ஜென்ட்டுக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. குண்டு விழுந்த பள்ளத்துக்குள் எதிரியை மறந்துவிட்டு இவர்களே அடித்துக்கொள்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் ஜெர்மன் படை. அப்புறம் கைதி முகாம், வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டு பனிக்குள் தப்பி ஓட்டம், கப்பல், ஒரே பெண்ணுக்காக இருவருக்கும் போட்டி என்று கதை ஓடுகிறது. ரொம்பக் காலம் தொலைந்துபோனதாகவே எண்ணியிருந்த இந்தப் படம், தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பிலிருந்து கிடைத்தது. ஆக, நீங்கள் நகைச்சுவைக்கென்று கொடுத்த ஒரே இயக்குநர் விருது, முட்டிக்கொள்ளும் இரண்டு பேரின் சாகசக் கதைக்குத்தான் போயிருக்கிறது. அடுத்த விழாவிலேயே அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டீர்கள்.

அதன் பிறகு இந்த வகைக்குக் கிடைத்தது சில்லறைதான். 1987-இல் வந்த ‘லீத்தல் வெப்பன்’ இன்றைக்கும் போலீஸ் ஜோடிப் படம் எடுப்பவர்களுக்குப் பாடப்புத்தகம். அதற்கு ஒலிக்கு மட்டும் ஒரு பரிந்துரை. அடுத்த ஆண்டு வந்த ‘மிட்நைட் ரன்’ படத்துக்கு அதுவும் இல்லை. என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே ஆகச் சிறந்தது அதுதான். அதை வைத்தே என் கோரிக்கையையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாமீனில் தப்பியவர்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கும் முன்னாள் போலீஸ்காரர் ஜாக் வால்ஷாக ராபர்ட் டி நீரோ. ஒரு தாதாவின் பணத்தைச் சுருட்டித் தர்மத்துக்குக் கொடுத்துவிட்ட கணக்கர் மார்டூகாஸாக சார்லஸ் குரோடின். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் கணக்கரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வால்ஷுக்கு ஒரு லட்சம் டாலர். விமானத்தில் சில மணி நேர வேலை. ஆனால் கணக்கர், பறப்பதென்றால் எனக்கு உயிர்ப்பயம் என்று விமானத்துக்குள் கூச்சல் போட, இருவரையும் இறக்கிவிடுகிறார்கள். அதனால் ரயில், பேருந்து, கார் என்று அமெரிக்கா முழுக்க அலைகிறார்கள். தாதாவின் ஆட்கள் ஒரு பக்கம், எஃப்.பி.ஐ. ஒரு பக்கம், போட்டிக்கு வந்த இன்னொரு கூலிக்காரர் ஒரு பக்கம். நடுவில் கணக்கர் வால்ஷுக்கு சிகரெட்டின் தீமை பற்றியும் சாப்பாட்டுப் பழக்கம் பற்றியும் வகுப்பெடுத்துக்கொண்டே வருகிறார்.

படம் வெகுதூரம் போன பிறகு, பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒரு குட்டி விமானத்தை அந்தக் கணக்கரே கிளப்பித் தப்பிக்கப் பார்க்கிறார்! இத்தனை ஆயிரம் மைல் அலைச்சலும் ஒரு பொய்யால் வந்தது என்று வால்ஷுக்கு அப்போதுதான் உறைக்கிறது. உயிரைக் கொடுத்து அந்த விமானத்தைத் துரத்துகிறார். இதை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால், ஒரு பழைய விமானமும் கோபக்கார மனிதரும் மட்டும்தான் தெரிவார்கள். வெடி இல்லை, உயரம் இல்லை. முதலிலிருந்து பார்த்தவருக்கோ படத்திலேயே பெரிய அடி இதுதான்.

என் கவலை இங்கேதான் வருகிறது. விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில், குறும்பட்டியலுக்கு வந்த படங்களிலிருந்து துண்டுக் காட்சிகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்குத் திரையிடுகிறீர்கள். ஸ்டண்டுக்கும் அதே முறை வரலாம். கட்டடத்திலிருந்து குதிப்பவரும் பைக்கோடு பள்ளத்தில் பாய்பவரும் அந்தத் தொகுப்பில் ஜொலிப்பார்கள். ஜொலிக்கட்டும், உயிரைப் பணயம் வைத்தவர்கள். ஆனால் ஆக்‌ஷன் காமெடியின் ஸ்டண்ட், முந்தைய காட்சியில் போட்ட சண்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்த வாக்குவாதத்தை வெட்டிவிட்டால், வெறும் விழுதலும் ஓட்டமும்தான் உங்கள் கைக்கு வரும்.

1998-இல் வந்த ‘ரஷ் ஹவர்’ படத்தின் கிளைமாக்ஸைப் பாருங்கள். விலைமதிப்பில்லாத பழைய சீன ஜாடிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. ஜாக்கி சான் ஒரு கையால் ஜாடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அடியாட்களைச் சமாளிக்கிறார். அடிப்பதா, பிடிப்பதா என்ற தவிப்புதான் அந்தச் சண்டையின் அழகு. நேரம் கொஞ்சம் பிசகினாலும் அடி மட்டும் மிஞ்சும், சிரிப்பு வராது. அப்புறம் உயரத்திலிருந்து விழும் ஜாக்கி சானை ஒரு பெரிய துணி காப்பாற்றுகிறது. கீழே அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர், படம் முழுக்க அவரைக் கழற்றிவிடப் பார்த்த ஜோடிப் போலீஸ்காரராக வரும் கிறிஸ் டக்கர். யார் விழுகிறார் என்பதோடு யார் பிடிக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஸ்டண்டை யோசித்திருக்கிறார்கள். வடிவமைப்பு என்று விருதுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் இதுவும் அதில் சேர்த்திதானே?

ஜாக்கி சானுக்கு 2016-இல் கௌரவ விருது கொடுத்தீர்கள். ஹாலிவுட்டின் பழம்பெரும் ஸ்டண்ட் கலைஞர்களான யகிமா கானட்டுக்கு 1967-இல், ஹால் நீடமுக்கு 2012-இல். சந்தோஷம். ஆனால் கௌரவ விருது ஆயுள் முழுவதற்குமாகச் சேர்த்துக் கொடுப்பது. எந்தக் காட்சிக்கு, ஏன் என்று அது சொல்லாது. இந்தியாவும் இதில் ரொம்ப முந்திக்கொள்ளவில்லை. தேசிய விருதில் ஸ்டண்டுக்கு இடம் கிடைத்தது 2017-இல்தான். தமிழ்ப் படங்களில் பெயர் வாங்கிய பீட்டர் ஹெய்ன் ஒரு மலையாளப் படத்துக்காக முதலில் அதைப் பெற்றார்.

நகைச்சுவைக்குத் தனிப் பிரிவு கேட்கிறாயா என்றால், இல்லை. தொலைக்காட்சிக்கான எம்மி விருதில் 2012 முதல் காமெடிக்கும் டிராமாவுக்கும் ஸ்டண்ட் விருதைப் பிரித்துக் கொடுத்தார்கள். தொடர்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் அது சரி. சினிமாவில் தனிப் பிரிவு வைத்தால் காமெடியை ஓரமாக உட்காரவைத்த கதையாகிவிடும். பெரிய படங்களோடு ஒரே வரிசையில் நின்று தோற்றாலும் பரவாயில்லை. போட்டி நியாயமாக நடந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. கைவிலங்கால் பிணைத்த இருவர் ஓடும் காட்சி என்றால், டூப் போடுபவர்களும் இருவர்தான். ஒருவர் பாதையில் இன்னொருவர் இழுபடாமல் விழ வேண்டும். அதோடு அந்தந்த நடிகரின் நடை, தயக்கம், எரிச்சல் எல்லாம் உடம்பில் தெரிய வேண்டும். பரிந்துரைப் பட்டியலில் வடிவமைப்பாளரின் பெயரோடு நின்றுவிடாமல், விழுந்தவர்களின் பெயரையும் ஓட்டுப் போடுபவர்கள் கையில் தரும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

விதிப்புத்தகத்தில் நான் கேட்பது ஒரே ஒரு வரிக்கான இடம்: “சமர்ப்பிக்கும் ஸ்டண்ட் காட்சியை, அதற்குக் காரணமான முந்தைய காட்சியோடு சேர்த்து, வெட்டாமல் அனுப்பலாம்.” சட்டமொழியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் என்ற வரம்பையும் நீங்களே வையுங்கள். அந்த ‘முந்தைய காட்சி’யை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆக்‌ஷன் காமெடி ரசிகன் ஒருவன்