லிமாவுக்கு நீ போட்ட நாலு மார்க்

அக்கா,

சாப்பாட்டுக்குச் சிறந்த ஊர்களுக்கு மார்க் போட்டு நாம் சேர்ந்து போட்ட பட்டியலிலிருந்து விலகிவிட்டேன். காலையில் ஷீட்டில் என் கட்டங்களை மட்டும் அழித்தேன், உன்னுடையதில் கை வைக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டாய், அதனால் பதிலையும் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரே நீ '4' என்று தட்டிய அந்த நொடிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. "மீன் ரப்பர் மாதிரி. இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாய். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டேன். ராத்திரி ஒன்பது என்றாய்.

நீ சாப்பிட்ட செவிச்சே, அதாவது பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் பதப்படுத்துவது, மதியச் சாப்பாடு, அக்கா. விடியற்காலையில் வந்த மீனை மதியத்துக்குள் தீர்த்துவிடுவது அந்த ஊர் வழக்கம். பெயர் பெற்ற செவிச்சே கடைகள் பலவும் சாயங்காலத்துக்குள் அடுப்படியைக் கழுவிவிடும். மீனை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, முதலில் உப்பு போட்டுப் பிசற வேண்டும். எலுமிச்சைச் சாறு பரிமாறுவதற்குச் சில நிமிஷம் முன்னால்தான் சேர வேண்டும். பழத்தை ஒட்டப் பிழிந்தால் தோலின் கசப்பும் இறங்கிவிடும், அதனால் பாதியோடு நிறுத்துவார்கள். வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி ஐஸ் தண்ணீரில் அலசினால்தான் காரம் அடங்கும். சரியாக வந்த துண்டை நடுவில் வெட்டினால் வெளியே வெள்ளை, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். சாற்றிலேயே கிடந்தால் புளிப்பு உள்வரை போய், முழுக்க வெளுத்து, இறுகிவிடும். உன் தட்டுக்கு வந்தது அதுதான். தப்பு நேரத்தின் மேல். மார்க் போனது ஊருக்கு.

இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். "உனக்கு நட்சத்திரம் எண்ணத்தான் தெரியும்" என்றேன், அதுவும் அத்தனை பேர் எதிரில். மன்னித்துவிடு. சொன்ன விதம் தப்பு. ஆனால் மிச்செலின் உணவகக் கையேடு தரும் நட்சத்திரத்தை எண்ணித்தானே நீ வரிசை போட்டாய்? 2023-ல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் லிமாவின் 'சென்ட்ரல்' உணவகத்துக்கு முதலிடம். அன்றைக்கு லிமாவில் மிச்செலின் நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் பெருவுக்கு அப்போது மிச்செலின் கையேடே இல்லை. பாங்காக்கின் முதல் கையேடு 2017-ல், தாய்லாந்து சுற்றுலாத் துறை பணம் போட்ட பிறகு வந்தது. நட்சத்திரம் பணத்துக்கு இல்லை, தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆய்வாளரே காலடி வைக்காத ஊருக்கு நட்சத்திரக் கணக்கில் பூஜ்யம் போடுவது என்ன கணக்கு?

ஸ்பெயினின் சான் செபாஸ்டியனிலும் இதே கதை. மார்ட்டின் பெரசதேகியின் மூன்று நட்சத்திர உணவகம் லசார்த்தேயில், ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டாய். சரி, சேர்க்கலாம். ஆனால் சான் செபாஸ்டியனின் மக்கள்தொகை இரண்டு லட்சம்கூட இல்லை, டோக்கியோவில் ஒரு கோடிக்கும் மேல். இரண்டையும் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடலாமா?

டோக்கியோ பற்றி நீ எழுதிய குறிப்புதான் அந்த ஷீட்டிலேயே உசத்தி. எட்டு நாற்காலி, ஒரே சமையல்காரர், வருஷக்கணக்காக ஒரே பண்டம், அதனால்தான் பெயர் தெரியாத கடையிலும் கை தவறுவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த நாலு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா? அப்படிப் பார்க்கத் தெரிந்தவள் லிமாவை ஒரே தட்டில் முடித்துவிட்டாயே என்பதுதான் என் கோபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முன்பதிவு இல்லாமல், சுற்றுலா இடத்தை விட்டுக் கால்மணி நேரம் நடந்து, ஒரே தெருவில் நாலு கடை பார்ப்போம் என்று எத்தனையோ முறை சொன்னேன். ஞாயிறு, திங்கள் வேண்டாம். பிரான்சின் லியோனில் அந்த நாட்களில் பல நல்ல கடைகள் பூட்டியிருக்கும். கூட்டம் நிற்கும் கடையைத் தேடிப் போகவும் கூடாது, அது ஊரின் சராசரியைக் காட்டாது. ஒவ்வொரு கடையிலும் அவர்கள் தினமும் செய்கிற ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். மறுநாள் அதே கடையில் அதையே திரும்ப வாங்க வேண்டும். ஒரு நாள் நன்றாக அமைவது யாருக்கும் நடக்கும். "இதெல்லாம் வேலையா?" என்றாய். ஆமாம் அக்கா, வேலைதான். ஒரு ஊருக்கு மார்க் போடுவதென்றால் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஷீட் உன்னுடையது, வைத்துக்கொள். லிமாவின் நாலை மட்டும் அழித்துவிட்டுக் காலியாக விடு. மறுபடி போனால் மதியம் ஒரு மணிக்குப் போ. துண்டை நடுவில் வெட்டிப் பார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, குரூப்பில் வேண்டாம்.

தம்பி