கடைசி வரிசையிலிருந்து ஒரு நன்றி மடல்

பயிற்சியில் எங்களோடு இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

பயிற்சி முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. முடிந்த அன்றைக்கே எழுதியிருந்தால் சம்பிரதாயக் கடிதமாகப் போயிருக்கும். போன வாரம் ஓர் இரவு டியூட்டி முடித்து வந்த பிறகுதான், யாருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கே பிடிபட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போலீஸில் 19 வருடம் சர்வீஸ் போட்டவனுக்கு, மனநலம் குலைந்தவர்களிடம் பேசுவது எப்படி என்று வகுப்பா என்ற எரிச்சலோடுதான் வந்தேன். பட்டியலில் பெயர் இருந்தது, வேறு வழியில்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

டாக்டர், முதல் நாள் நீங்கள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரக் கதையைச் சொன்னீர்கள். 1987-இல் அங்கே மனநலம் குலைந்து, கத்தியும் கையுமாக நின்ற 27 வயது இளைஞரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. மறு வருடமே போலீஸும் மனநல மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சிறப்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். நாங்கள் படித்த இந்த 40 மணி நேரப் பாடத்துக்கு அதுதான் மூலம் என்றீர்கள். "கத்தி வைத்திருந்தால் வேறென்ன செய்வதாம்?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "கத்தியைக் கண்டதும் நீங்களும் கத்துவீர்கள். ஏற்கெனவே காதுக்குள் நாலு குரல் கத்திக்கொண்டிருக்கிற ஒருவருக்கு உங்கள் குரல் எத்தனையாவது?" என்று கேட்டுவிட்டு ஹெட்போனை என் கையில் கொடுத்தீர்கள்.

அதற்குள் பதிவு செய்த குரல்கள். ஒன்று திட்டுகிறது, ஒன்று சிரிக்கிறது, ஒன்று "ஓடு, ஓடு" என்கிறது. எதிரே சக காவலர் ஒருவர் என் முகவரியைக் கேட்டார். பிறகு 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, அதோடு நின்றுவிட்டேன். "கேட்கிறது காதில் விழலையா?" என்று அவர் அதட்டினார். ஹெட்போனைப் பிடுங்கி மேஜை மேல் வைத்துவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மதியம் பேசிய சகோதரிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எத்தனையோ வருடமாகக் குரல்களோடு வாழ்கிறவர், உங்களை ஒருமுறை அடித்து வண்டியில் ஏற்றிய அதே உடுப்பில் இருந்த முப்பது பேர் முன்னால் வந்து நின்றீர்கள். "பதில் சொல்லத்தான் பார்த்தேன். மாத்திரையில் நாக்கு தடித்து, உடம்பு விறைத்திருந்தது. திமிர் என்று நினைத்துவிட்டார்கள்" என்றீர்கள். அந்தத் திமிரை நானும் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன செய்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நோயாளிகளாக நடித்துக் காட்டிய நாடகக் குழுப் பிள்ளைகளே, உங்களைப் பேசிச் சமாதானப்படுத்துவதில் நான் மூன்று முறை தோற்றேன். மூன்றாவது முறை ஒரு பையன் நடிப்பை விட்டுவிட்டு, "சார், நீங்க பேசுறது ஆறுதலா இல்ல, வாக்குமூலம் வாங்குற மாதிரி இருக்கு" என்றானே! வகுப்பே சிரித்தது. அவனுக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், வலிப்பு வந்து தெளிகிற நேரத்திலும் ஆள் குடிகாரர்போலவோ சித்தம் கலங்கியவர்போலவோ தெரியலாம். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். அடக்கித்தான் ஆக வேண்டுமென்றாலும், ஆள் கட்டுக்குள் வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்காரவைக்க வேண்டும். 19 வருடத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். மகனைப் பற்றி ஒரு தாயின் அழைப்பு. கன்ட்ரோல் ரூமில் இருந்த தங்கை எங்களோடு பயிற்சி எடுத்தவர். கையில் என்ன வைத்திருக்கிறான், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், மாத்திரை எப்போது நின்றது, எதைக் கண்டால் பயப்படுவான் என்று எல்லாவற்றையும் கேட்டுவைத்து வயர்லெஸ்ஸில் சொன்னார். "சைரன் ஆகாது" என்றார். இரண்டு தெருவுக்கு முன்பே அணைத்தோம். தங்கச்சி, பாதி வேலையை நீ முடித்துவிட்டாய்.

உடைந்த கண்ணாடித் துண்டோடு அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தான். வாசலை மறித்து நிற்காமல் ஒதுங்கி, தரையில் உட்கார்ந்தேன். கூட வந்தவர் வாயே திறக்கவில்லை. பேசுவது ஒருவர் மட்டும். விளக்குக்குள் இருந்து யாரோ ஒட்டுக்கேட்பதாகச் சொன்னான். "எனக்குக் கேட்கல தம்பி. உனக்குக் கேக்குதுன்னா பயமாத்தான் இருக்கும். விளக்கை அணைக்கச் சொல்லட்டுமா?" என்றேன். அணைத்தார்கள். நடை விளக்கின் வெளிச்சத்தில் வெகுநேரம் சும்மா இருந்தோம். பிறகு, நாக்கு தடுமாறத் தடுமாற, நீங்கள் சொல்லித்தந்தபடி நேராகவே கேட்டேன்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் கேட்டேன். "ஆமா" என்றான். அதுவரை விளக்கோடு பேசிக்கொண்டிருந்தவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. 50 நிமிடம் கழித்துக் கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். விலங்கு போடவில்லை. பின் இருக்கையில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அங்கே இரவு டியூட்டியில் இருந்த நர்ஸம்மா, எங்கள் உடுப்பைப் பார்த்து அவன் மிரண்டுவிடக் கூடாதென்று எங்களைத் திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். அவருக்கும் நன்றி.

ஒரு மனக்குறை உண்டு. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989 முதல் பல வருடம், இப்படியான அழைப்புகள் பலவற்றுக்கு ஆயுதமில்லாத ஒரு மருத்துவ உதவியாளரும் ஓர் ஆலோசகரும் வேனில் போனார்கள் என்று டாக்டர் சொன்னார். அதுதான் முறை என்று எனக்கும் படுகிறது. ஐந்து நாள் வகுப்பால் நான் மருத்துவனாகிவிடவில்லை. ஆனாலும் பல இடங்களில் இன்றைக்கும் நடுராத்திரி கதவைத் தட்டப்போகிறவர்கள் நாங்கள்தான்.

அடுத்த அணிக்கு வகுப்பு எப்போது என்று சொல்லி அனுப்புங்கள், லீவு போட்டாவது வருகிறேன். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களை என்னிடம் விட்டுவிடுங்கள். ஹெட்போனை நானே கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
86-இல் நின்றுபோனவன்